சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டில் சைக்கிளில் போகும் பிள்ளைகள்: லைட்டா, ரிஃப்ளெக்டரா, எதை முதலில் வாங்குவது?

டெல்டா_டீச்சர் (மன்னார்குடி பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புக்கு மாலையில் சிறப்பு வகுப்பு உண்டு, ஆறரைக்கு விடுவோம். கார்த்திகை, மார்கழியில் எங்கள் பக்கம் ஆறு மணிக்கே இருட்டிவிடும். பிள்ளைகளில் பாதிக்கு மேல் பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில்தான் வருகிறார்கள். சிலருக்கு ஊர் ஆறேழு கிலோமீட்டர். தெருவிளக்கு கிடையாது, ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் வயல். அறுவடை நேரத்தில் பாதி ரோட்டில் நெல் காயும், ஓரத்தில் கல் அடுக்கி வைத்திருப்பார்கள்.

போன வாரம் ஒரு மாணவியின் ஹேண்டில்பாரை பைக் ஒன்று உரசிவிட்டுப் போனது. முழங்கையில் சிராய்ப்பு, பெரிதாக ஒன்றுமில்லை. பைக்கில் வந்தவர் நிறுத்தி, பயந்துபோய், "கிட்ட வந்தப்புறந்தான் தெரிஞ்சுதும்மா" என்று சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். அடுத்த நாள் பள்ளி வாசலில் நின்று பார்த்தேன். கறுப்பு மட்கார்ட், கருநீலப் பை. கேட்டைத் தாண்டி கொஞ்ச தூரத்திலேயே பிள்ளைகள் இருட்டோடு இருட்டாகிவிடுகிறார்கள்.

பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பேசினேன். ஒரு சைக்கிளுக்கு 150 ரூபாய் வரை திரட்டலாம் என்கிறார்கள். ஆளுக்கொரு டார்ச் வாங்கிக் கொடுக்கலாம் என்பது ஒரு யோசனை, சைக்கிளில் ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டலாம் என்பது இன்னொன்று. இந்தப் பணத்துக்கு எது உயிரைக் காக்கும்? இரவில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள், பெரிய வண்டி ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

நெல்வயல் (திருத்துறைப்பூண்டி)

டீச்சர், வகுப்பைக் காலைக்கு மாற்றிவிட்டால் பிரச்சினையே இல்லையே? என் மகனும் பன்னிரண்டாவதுதான். அவன் வீடு வந்து சேரும்வரை அவன் அம்மா வாசலிலேயே நிற்கிறாள்.

டெல்டா_டீச்சர்

முதலில் அதைத்தான் கேட்டேன் சார். காலை ஏழு மணிக்கு வரவேண்டுமென்றால் பல பிள்ளைகள் ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். மார்கழியில் அப்போதும் இருட்டுதான், பனி வேறு. பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வருகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். வகுப்பு இல்லாத நாளிலும் டியூஷன், கடை என்று இரவில் சைக்கிளை எடுக்கத்தான் செய்கிறார்கள். அதனால் சைக்கிளைச் சரிசெய்வதுதான் நிலையான வழி என்று தோன்றுகிறது.

தூரமிதி (கோவை)

டீச்சர், நான் ப்ரெவே எனப்படும் நெடுந்தூர சைக்கிள் பயணங்களுக்குப் போகிறவன். 300 கிலோமீட்டருக்கு 20 மணி நேரம், 400க்கு 27 மணி நேரம் என்று கெடு இருக்கும். அதனால் இரவு முழுக்க நெடுஞ்சாலையில் ஓட்டுவது பழக்கம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: டார்ச் யோசனையை முதலில் கைவிடுங்கள். பின்பக்கத்தைக் கவனியுங்கள்.

சைக்கிள் விளக்குக்கு இரண்டு வேலை. நமக்குப் பாதை தெரிவது ஒன்று, அடுத்தவருக்கு நாம் தெரிவது இன்னொன்று. கடைகளில் பளிச்சென்ற முன் விளக்கைத்தான் தள்ளிவிடுவார்கள். ஆனால் எதிரே வருகிற வண்டியை நாமும் பார்க்கிறோம், ஒதுங்கலாம். பின்னால் வருகிறவரைப் பார்க்க நமக்குக் கண் இல்லை. அங்கே நம் உயிர் முழுக்க அவர் கண்ணில்தான் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டர், பின்னால் வரும் வண்டி 60 என்று வையுங்கள். இடைவெளி விநாடிக்கு 12.5 மீட்டர் குறைந்துகொண்டே வரும். லோ பீம் வெளிச்சத்தில் கருத்த உடை போட்ட ஆள் 40 மீட்டரில்தான் தெரிகிறார் என்றால், ஓட்டுநருக்கு மூன்று விநாடிக்குக் கொஞ்சம் மேல். அதில் முதல் ஒன்றரை விநாடி, முன்னால் இருப்பது என்ன என்று புரிந்து கால் பிரேக்குக்குப் போவதற்கே சரியாகிவிடும். அதே பிள்ளை 200 மீட்டரில் தெரிந்தால் 16 விநாடி கிடைக்கிறது. வேகத்தைக் குறைக்கலாம், எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்து வலப்பக்கம் விலகிப் போகலாம்.

ஆகவே முதலில் பின்னால் ஒரு சிவப்பு விளக்கும் நல்ல ரிஃப்ளெக்டரும். அதற்குப் பிறகு காசு மிஞ்சினால் முன் விளக்கு.

ஆறுசக்கரம் (நாமக்கல்)

லாரி ஓட்டுகிறேன் டீச்சர். தஞ்சாவூர், திருவாரூர் ரோடுகளில் நெல் ஏற்றிக்கொண்டு நிறையப் போயிருக்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்று சொன்னால் உங்களுக்கு உதவும்.

எதிரே ஒரு பஸ் டிம் அடிக்காமல் வருகிறது என்று வையுங்கள். அது எங்களைத் தாண்டிய பிறகும் சில விநாடிகளுக்கு ரோடு கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைக் கோட்டை வைத்து ஒரு கணிப்பில்தான் வண்டி போகும். உங்கள் ஊர் ரோட்டில் அந்தக் கோடும் இருக்காது. அந்த நேரத்தில் இடது ஓரத்தில் ஒரு சைக்கிள் இருந்தால், அதில் ஏதாவது ஒன்று மினுங்கினால்தான் உண்டு. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களின் பையில் போலீஸார் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்களே, அது எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி தெரியுமா? ஒட்டியவர்கள் ரொம்ப தூரத்திலேயே தெரிந்துவிடுவார்கள்.

இன்னொன்று. ரிஃப்ளெக்டர் கார்காரருக்குத் தெரிகிற அளவுக்கு எங்களுக்குத் தெரியாது. எங்கள் ஹெட்லைட் கீழே இருக்கிறது, நாங்கள் ரொம்ப மேலே உட்கார்ந்திருக்கிறோம். கிட்டத்தில் வர வர மங்கலாகிவிடும். அதனால் ஸ்டிக்கர் ஒட்டினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். எரிகிற விளக்கு ஒன்று கட்டாயம் வேண்டும்.

அப்புறம், லாரிக்கு ஒட்டுகிற டேப்பையே வாங்குங்கள். முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று எங்களுக்குச் சட்டமே இருக்கிறது. அதே நிறத்தில் சைக்கிளுக்கும் ஒட்டினால், வருகிறவருக்கு எந்தப் பக்கத்தைப் பார்க்கிறோம் என்று யோசிக்காமலே புரியும்.

முப்பட்டகம் (திருச்சி)

இயற்பியல் ஆசிரியன் என்பதால் இதில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறுசக்கரம் அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. நல்ல ரிஃப்ளெக்டர் வந்த வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. உள்ளே மூன்று சின்னப் பரப்புகள் ஓர் அறையின் மூலை போல ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும். ஒளி ஓரளவு சாய்வாக நுழைந்தாலும் மூன்றிலும் பட்டு, புறப்பட்ட திசைக்கே திரும்பும். 1969இல் அப்போலோ 11 வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த பலகையில் இப்படி 100 மூலைகள் இருக்கின்றன. பூமியிலிருந்து லேசர் அடித்தால் இன்றைக்கும் அது திருப்பி அனுப்புகிறது. உங்கள் பிள்ளைகளின் மட்கார்டில் இருக்கிற சிவப்பு வில்லையும் அதே தத்துவம்தான். பன்னிரண்டாம் வகுப்பு ஒளியியல் பாடத்தோடு சேர்த்தே சொல்லிக்கொடுக்கலாம்.

ஹெட்லைட்டிலிருந்து போன ஒளி ஹெட்லைட்டுக்கே திரும்புவதால், ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் யார் கண் இருக்கிறதோ அவருக்குத்தான் அது பளிச்சென்று தெரியும். லாரி ஓட்டுநருக்குக் குறைவாகத் தெரிவதன் காரணம் இதுதான். குறுக்குச் சந்திலிருந்து திரும்புகிற வண்டியின் வெளிச்சம் இன்னும் சைக்கிள்மேல் விழவே இல்லை என்றால், ரிஃப்ளெக்டர் இருந்தும் இல்லாததுதான்.

கடையில் சோதிக்க ஒரு வழி. செல்போன் டார்ச்சைப் போட்டு, போனைக் கன்னத்தோடு ஒட்டி, கண்ணுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். டேப்பை இருபது முப்பது அடி தள்ளி, நிழலான இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். நல்ல டேப் அப்படியே தீப்பிடித்ததுபோல் எரியும். இப்போது போனை இடுப்புக்கு இறக்குங்கள், சட்டென்று மங்கும். இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி இருந்தால் அது வெறும் பளபளப்புத் தாள், வாங்காதீர்கள். ரேடியம் என்று சொல்லி விற்பதில் பாதி இந்த வகை.

எங்கே ஒட்டுவது என்பது எதை ஒட்டுவது என்பதைவிட முக்கியம். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜோன் வுட் என்பவரின் குழு, மூடிய சாலை ஒன்றில் இரவில் ஓட்டுநர்களைக் கார் ஓட்டவைத்து, சைக்கிள்காரரை அடையாளம் காண்கிறார்களா என்று பார்த்தது. 2012இல் வெளிவந்த முடிவு இது: கறுப்பு உடையில் இருந்தவரை 2 சதவீதம், நியான் மஞ்சள் உடையில் 15 சதவீதம், ஒளிதிருப்பும் பட்டை போட்ட மேற்சட்டையில் 50 சதவீதம். அதே மேற்சட்டையோடு கணுக்காலிலும் முழங்காலிலும் பட்டை கட்டியபோது 90 சதவீதம்.

காரணம் அசைவு. ஓர் ஒளிப்புள்ளி சும்மா நின்றால் அது மைல்கல்லாக இருக்கலாம், பாலத்துக் கைப்பிடியாக இருக்கலாம். இரண்டு புள்ளிகள் மாறி மாறி மேலும் கீழும் போனால், மனிதக் கால் என்று மூளை உடனே கண்டுகொள்கிறது. நியான் நிறம் பகல் வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிரால் பளிச்சிடுவது, இரவில் அதற்குப் பெரிய பலன் இல்லை. மஞ்சள் டீஷர்ட் வாங்கிக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

டெல்டா_டீச்சர்

இதைப் படித்துவிட்டு மனம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் கணுக்காலில் பட்டை கட்டச் சொன்னால் பிள்ளைகள் முதல் வாரம் கட்டுவார்கள், அப்புறம் வீட்டில் கிடக்கும். இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கூச்சம் அதிகம். அவர்கள் மறந்தாலும் வேலை செய்கிற மாதிரி சைக்கிளிலேயே ஏதாவது உண்டா?

செயின்கவர் (கும்பகோணம்)

இருக்கிறது டீச்சர். அப்பா காலத்திலிருந்து சைக்கிள் கடைதான் எங்களுக்கு.

பெடலைப் பாருங்கள். அதன் முன்னும் பின்னும் மஞ்சள் ரிஃப்ளெக்டர் இருக்க வேண்டும். இருக்கிற சைக்கிளில் பாதிக்கு அது உடைந்து விழுந்திருக்கும், யாரும் கவனிப்பதில்லை. அதை மாற்றினாலே முப்பட்டகம் சார் சொன்ன ஏறி இறங்குகிற வெளிச்சம் வந்துவிடும். பெடல் மாற்ற வசதி இல்லையென்றால் பெடலைத் தாங்குகிற கிராங்க் கம்பியைச் சுற்றி, பெடலுக்குக் கிட்டத்தில், ஒரு சுற்று டேப் ஒட்டலாம். சுற்றி ஒட்டினால்தான் பின்னாலிருந்தும் தெரியும். வெளிப்பக்கம் மட்டும் ஒட்டினால் பக்கவாட்டில்தான் தெரியும்.

பின் மட்கார்டில் கம்பெனியே வைத்த சிவப்பு வில்லை ஒன்று இருக்கும். கேரியரில் புத்தகப் பையைக் கட்டினால் பையின் வார் தொங்கி அதை மறைக்கும். சேறு வேறு. பெண் பிள்ளைகள் என்றால் துப்பட்டா, பையன்கள் என்றால் வெளியே விட்ட சட்டை. சீட்டுக்குக் கீழே விளக்கு மாட்டுவது இதனால்தான் வேலைக்கு ஆகாது. பின் சக்கரத்துக்கு இறங்குகிற ஃபோர்க் கம்பியில், வலது பக்கம், அச்சுக்கு ஒரு சாண் மேலே மாட்டுங்கள். பை எவ்வளவு பெரிதானாலும் மறைக்காது. ரோட்டின் நடுப்பக்கம் அது என்பதால் முந்துகிறவருக்கும் நன்றாகத் தெரியும்.

விளக்கு வாங்கும்போது யூஎஸ்பி சார்ஜ் போடுகிறது வேண்டாம். சார்ஜ் போட மறந்துவிடும், மழையில் அந்த ரப்பர் மூடி திறந்து தண்ணீர் போய்விடும். பட்டன் பேட்டரியும் வேண்டாம், ஊரில் கிடைக்காது. டிவி ரிமோட்டுக்குப் போடுகிற பேட்டரி உள்ளதாகப் பாருங்கள், பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். ரப்பர் பட்டையில் மாட்டுகிறதைவிட நட்டு போல்ட்டில் இறுக்குகிறது நல்லது. சைக்கிள் ஸ்டாண்டில் திருடு போகாது.

புது ரிஃப்ளெக்டர் வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். 2020இல் மத்திய அரசு இதற்கென்றே தரக்கட்டுப்பாட்டு ஆணை போட்டிருக்கிறது.

யாழ்வீதி (யாழ்ப்பாணம்)

ரீச்சர், எங்கட பக்கத்திலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் டியூசன் முடிந்து இருட்டில்தான் சைக்கிள் ஓடுகிறார்கள். அதனால் இந்த உரையாடலை ஆவலோடு வாசிக்கிறேன்.

டைனமோவைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. ரயரில் உரசிச் சுற்றுகிற போத்தல் டைனமோ, 6 வோல்ட், 3 வாட். தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை என்றிருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, அந்த டைனமோவில்தான் நாங்கள் வானொலிச் செய்தி கேட்டோம். பற்றரி மாற்றவே தேவையில்லாத சாமான் அது. பிள்ளைகளுக்கு அது பொருந்தாதா?

தூரமிதி

அண்ணா, நீங்கள் சொன்னதைப் படிக்கும்போதே மனம் கனத்துவிட்டது.

டைனமோ எனக்கும் பிடித்ததுதான். நம் ஊரிலும் ஒரு காலத்தில் லைட் இல்லாமல் போனால் போலீஸ் நிறுத்திக் காற்றைப் பிடுங்கிவிடும் என்ற பயம் இருந்தது, அதனால் வீட்டுக்கு வீடு டைனமோ இருந்தது. ஆனால் பழைய வகையில் ஒரு சிக்கல்: சைக்கிள் நின்றால் விளக்கும் நின்றுவிடும். வலது பக்கம் திரும்ப ரோட்டு நடுவில் காலூன்றி நிற்கிறபோதுதான் விளக்கு மிகவும் தேவை. இப்போது வருகிற நல்ல டைனமோ விளக்குகளில் மின்தேக்கி வைத்து, நின்ற பிறகும் சில நிமிடங்கள் எரிகிற மாதிரி செய்கிறார்கள். அது 150 ரூபாய்க்குள் அடங்காது. மழையில் பாட்டில் டைனமோ டயரில் வழுக்கும் என்பதும் இருக்கிறது.

நெல்வயல்

மினுக்கு மினுக்கென்று எரிகிற மாதிரி போடலாமா, நிலையாக எரிய விடலாமா? மினுக்கினால் பேட்டரி நாள்பட வரும், கண்ணிலும் சட்டென்று படும் என்று கடைக்காரர் சொன்னார்.

ஆறுசக்கரம்

எனக்கு மினுக்குவது ஆகாது சார். இருட்டு ரோட்டில் ஒரு சிவப்புப் புள்ளி வருகிறது, போகிறது, வருகிறது. அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, நிற்கிறதா நகர்கிறதா என்று எடைபோட முடியவில்லை. நிலையாக எரிந்தால் கண் அதையே பிடித்துக்கொண்டு வரும்.

தூரமிதி

இதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு இருக்கிறது. பிரிட்டனில் 2005இலிருந்து மினுக்கும் விளக்குக்குச் சட்டப்படி அனுமதி உண்டு. ஜெர்மனியில் சைக்கிளில் மினுக்கும் விளக்கு கூடாது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிற 1200 கிலோமீட்டர் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணத்திலும் மினுக்கக் கூடாது.

ஊருக்குள், ஆயிரம் விளக்குகளுக்கு நடுவே, மினுக்குவதற்குப் பலன் இருக்கிறது என்பது என் கருத்து. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பைக்குகளில் பகலிலும் ஹெட்லைட் எரிந்துகொண்டே இருப்பதால், நகரத்தில் சைக்கிளின் சின்ன விளக்கு எளிதில் தொலைந்துபோகிறது. ஆனால் டீச்சர் சொல்கிற வயல்வெளி ரோட்டுக்கு நிலையான விளக்குதான். பேட்டரி கவலை இருந்தால், குறைந்த வெளிச்சத்தில் நிலையாக எரிய விடுங்கள். இருட்டில் அது தாராளம்.

நெல்வயல்

ஊருக்குள்ளும் வெளியிலும் பிள்ளை ஒரே விளக்கைத்தானே வைத்திருக்கிறான்? எனக்கு இன்னும் மினுக்குவதுதான் நல்லது என்று படுகிறது. ஆனால் லாரி ஓட்டுகிறவரே சொல்லும்போது நிலையாகவே வைக்கச் சொல்கிறேன்.

முன் விளக்கே வேண்டாம் என்கிறீர்களா? நெல் காயும் இடத்தில் கல்லில் ஏறி விழுந்த பிள்ளைகள் எங்கள் ஊரில் உண்டு.

செயின்கவர்

முன் விளக்கு வேண்டும், சந்தேகமே இல்லை. பிள்ளைகள் இப்போது செல்போன் டார்ச்சை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையில் ஓட்டுகிறார்கள். கல் வந்தால் பிரேக் பிடிக்க அந்தக் கை வராது. முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

வீட்டில் சின்ன எல்ஈடி டார்ச் இருந்தால் பழைய டியூபை வெட்டி ஹேண்டில்பாரில் இறுக்கிக் கட்டலாம், காசு செலவில்லை. வெளிச்சம் முன்சக்கரத்திலிருந்து எட்டுப் பத்து மீட்டரில் தரையில் விழுகிற மாதிரி குனித்து வையுங்கள். நேராக வைத்தால் எதிரே வருகிறவர் கண்ணைக் கூசும், அவர் நம் பிள்ளைமேலேயே வந்து ஏறுவார்.

ஆறுசக்கரம்

இது ரொம்ப முக்கியம். அப்புறம் இன்னொரு விஷயம், பிள்ளைகள் வலது ஓரமாக எதிர்த்திசையில் வருகிறார்கள். வீடு அந்தப் பக்கம் என்பார்கள். பின்னால் மாட்டிய சிவப்பு விளக்கு அப்போது யாருக்கும் பயன்படாது. இடது ஓரம்தான் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள் டீச்சர். மூன்று பேர் பேசிக்கொண்டே வரிசையாகப் போகாமல், ஒருவர் பின் ஒருவராகப் போகட்டும். நல்ல விளக்கு இருக்கிற பிள்ளை கடைசியில் வரட்டும்.

டெல்டா_டீச்சர்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. தலைமையாசிரியரிடம் பேசி இப்படி முடிவு செய்திருக்கிறோம். ரிமோட் பேட்டரி போடுகிற சிவப்பு விளக்கு ஒன்று, வலது ஃபோர்க்கில் போல்ட் வைத்து, நிலையாக எரிய. லாரி டேப்பை மொத்தமாக வாங்கி வெட்டிக்கொள்கிறோம்: பின் மட்கார்டில் சிவப்பு, இரண்டு கிராங்கிலும் மஞ்சள் ஒரு சுற்று, முன் ஃபோர்க்கில் வெள்ளை. பெடல் ரிஃப்ளெக்டர் உடைந்தவற்றைப் பணம் மிஞ்சினால் மாற்றுவோம். முன் விளக்கு இந்த மாதம் வீட்டு டார்ச், அடுத்த கூட்டத்தில் அதற்கும் கேட்கப் போகிறேன். முப்பட்டகம் சார் சொன்ன செல்போன் சோதனையை நேற்று மாலை வகுப்பில் செய்து பார்த்தோம். இரண்டு கடைகளில் வாங்கிய மாதிரித் துண்டுகளில் ஒன்று எரியவே இல்லை, பிள்ளைகளே அதைக் கழித்துவிட்டார்கள். வார் தொங்காமல் பையைக் கட்டுவது எப்படி என்று இரண்டு மாணவிகள் மற்றவர்களுக்குச் செய்து காட்டினார்கள்.

ஒரே ஒரு சந்தேகம். டேப் மழையில் உரியாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

செயின்கவர்

ஒட்டுகிற இடத்தில் எண்ணெயும் தூசியும் இருக்கக் கூடாது. பெட்ரோலில் துடைப்பார்கள், அது எண்ணெய்ப் படலத்தை விட்டுவிடும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடையுங்கள், போதும். துருப் பிடித்த இடத்தில் ஒட்டாதீர்கள். டேப்பின் நான்கு மூலையையும் கத்தரியால் வட்டமாக நறுக்கிவிடுங்கள், கூரான மூலைதான் முதலில் கிளம்பும். ஒட்டியபின் கட்டை விரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேயுங்கள். ரிம்மில் பிரேக் கட்டை படுகிற இடத்தில் மட்டும் எதையும் ஒட்டிவிடாதீர்கள், பிரேக் பிடிக்காது.

சனிக்கிழமை காலையில் நானும் கடைப் பையனும் ஸ்பேனர், போல்ட்டோடு வந்துவிடுகிறோம், கூலி ஒன்றும் வேண்டாம். வெள்ளிக்கிழமையே சைக்கிளைக் கழுவி வைக்கச் சொல்லுங்கள் டீச்சர். ஈரம் இருந்தால் ஒட்டாது.